வழிநூலும் வழிப்பாட்டும்

கல்லூரி மலரொன்றிலே திறனாய்வுக் கட்டுரை வரைவோர் காவியத்தையோ நாவலையோ எடுத்துக்கொள்வதே வழக்கம். கோவிற் பூங்காவனத் திருவிழாவன்று நள்ளிரவு கடந்தும் சினிமாப் பாடல்களைப் பாடிக்கொண்டிருக்கும் உள்ளூர் இசைக்குழுவைப் பற்றி எழுதப் புகுந்தால், இதிலே ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று வினவுவார் பலர் இருப்பர். ஆயினும், எமது திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த குடியிருப்புக்களிலே ஓராண்டில் ஒரு கவிதை நூலைத் திறந்து பாராதவரும் மூன்று நான்கு இரவுகளேனும் மணலிற் குந்தியிருந்து அவ்விசையைக் கேட்கின்றனர். இத்துணைப் பேர் இத்துணை நேரம் விழித்திருந்து துய்க்கும் ஒன்றை ஆராயாது ஒதுக்கிவிடுதல் கற்றோர்க்கு அழகன்று.

இக்குழுக்களைக் குறித்து ஊரிலே இரண்டு கருத்துக்கள் உலாவுகின்றன. ஒன்று கற்றோர் கூறுவது: இவர்கள் பிறர் ஆக்கிய பாட்டைப் பிறர் பாடியவாறே பாடுவோர், ஆதலின் கலைஞர் அல்லர், போலிகள். மற்றையது மணலில் இருப்போர் கூறுவது: "அச்சொட்டாக ரி. எம். சௌந்தரராசனே வந்து பாடினது போல இருந்தது." முன்னையது இகழ்ச்சி, பின்னையது புகழ்ச்சி. எனினும் இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. இசைத்தட்டில் உள்ளதே பாட்டு, மேடையில் நிகழ்வது அதன் நிழல் என்னும் எண்ணமே அது. இவ்வெண்ணம் பொருந்துமா என்பதையே யாம் ஈண்டு நோக்கப் புகுகின்றோம்.

பிறர் ஆக்கியதை எடுத்து மீண்டும் ஆக்குதல் தமிழ் மரபிலே இழிவாகக் கருதப்பட்டதொன்றன்று. தொல்காப்பியர் மரபியலிலே நூலை முதனூல், வழிநூல் என இரண்டாக வகுத்து, வழிநூலையும் நூலென்றே கொண்டார். அது தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகையான் அமையும் என்றும் விதித்தார். பின்வந்த நன்னூலார், வழிநூல் செய்வோன் முன்னோன் கருத்தோடு ஒத்து நிற்றல் வேண்டும் என்பதோடு அமையாது, தான் விரும்பிய வேறுபாட்டையும் அதிலே கூறுவான் என்கிறார். இவ்விரண்டாவது கூறே எமக்கு இன்றியமையாதது. ஒத்து நிற்பது மட்டும் இருந்தால் அது படியெடுத்தல். வேறுபாடு மட்டும் இருந்தால் அது வேறு நூல். இரண்டும் ஒருங்கே இருப்பதே வழிநூல்.

திருகோணமலை இந்துக் கல்லூரியோடு நெருங்கிய தொடர்புடையவராயிருந்த சுவாமி விபுலாநந்தர் 'மதங்க சூளாமணி'யிலே செகசிற்பியாரின் நாடகங்களைத் தமிழர்க்குக் காட்டிய திறத்தை அறிந்தோர், அது பிறர் பொருள் என்று அவரை இகழ்வரோ? இசைத்துறையிலும் இதுவே நிலை. கருநாடக இசைக் கச்சேரியில் இன்று பாடப்படுவனவற்றுட் பெரும்பங்கு பிறர் பாட்டே. 1847இல் மறைந்த தியாகராசரின் கீர்த்தனைகளைப் பாடுவோரை எவரும் போலிகள் என்பதில்லை. கச்சேரியிற் பாடகர்க்கு ஆலாபனை, நிரவல், கற்பனைச்சுரம் என்னும் இடங்கள் உள. சினிமாப் பாட்டிலே எல்லாம் இறுகக் கட்டப்பட்டு விட்டன என்று சிலர் விடை கூறலாம். அது பெரிதும் உண்மையே. அங்ஙனமாயின் கேட்க வேண்டிய வினா, இவர்கள் யாருடைய பாட்டைப் பாடுகின்றனர் என்பதன்று. கட்டப்பட்ட அப்பாட்டிலே எங்கேனும் தமக்கு இடங்கண்டனரா என்பதே. இவர்கள் பாடுவதை வழிநூல் போல வழிப்பாட்டு என வழங்குவாம். (அச்சுக் கோப்போர் இதனை 'வழிபாட்டு' எனத் திருத்திவிடாதிருப்பாராக. மணலில் இருப்போர் சிலரது மனநிலைக்கு அதுவும் பொருந்தாமலில்லை என்பது வேறு கதை.)

இவ்வழிப்பாட்டு எமது ஊரில் வேரூன்றிய விதத்தைச் சிறிது கூறுதல் வேண்டும். துறைமுகப்பட்டினம் எப்போதும் பிறர் பாட்டைக் கேட்டுப் பழகிய இடம். பதினேழாம் நூற்றாண்டில் வந்து கோணேசர் கோவிலை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவற்றுள் எமக்குத் தீங்கு செய்யாதது அவர்களது ஆட்டப்பாட்டு ஒன்றே எனலாம். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் தம் கலியாண வீடுகளிலே வயலினோடு ஆடிவந்த கப்ரிஞ்ஞாவின் தாளமே, 1940களில் வொலி பஸ்தியன் என்னும் பொலிஸ்காரரின் வாயிலாகச் சிங்களப் பைலாவாக நாடெங்கும் பரவியது. ஆறெட்டு என்று இசைக்குழுவினர் கூறும் அத்தாளம், திஸ்ர நடையிற் பழகிய எம்மவர் செவிக்கு அந்நியமாக ஒலிப்பதில்லை. அதற்குப்பின் பிரித்தானியக் கடற்படையும், கப்பல்களோடு வந்த வாத்தியக் குழுவினரும். 1957 ஒக்டோபரில் அத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. கப்பல்கள் போயின, தளத்தில் வேலைபார்க்க வந்து குடியேறியோரின் பிள்ளைகளும், அவர்கள் கையில் கிற்றாரும் எஞ்சின.

அக்காலத்திற் பாட்டுப் பழகும் கல்விச்சாலை வானொலியே. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கார் அகில இந்திய வானொலியிற் சினிமாப் பாட்டுக்கு இடமின்றிச் செய்ததும், இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு இந்தியத் துணைக்கண்டத்தார் செவியையே ஈர்த்துக்கொண்டதும் யாவரும் அறிந்தவை. 1957இல் விவிதபாரதி தொடங்கிய பின்பும் அம்மோகம் குறையவில்லை. பாட்டு ஒலிக்கும் மூன்றரை நிமிடத்துள் ஒருவர் சொற்களையும், மற்றொருவர் இடையிசையையும் குறித்துக்கொள்வர். விடுபட்டதை அடுத்த முறை ஒலிபரப்பும்வரை காத்திருந்து நிரப்புவர். எப்போது ஒலிபரப்பாகும் என்று தெரியாதாகையால், காத்திருத்தல் நாள்களாகவும் வாரங்களாகவும் நீளும். இவ்வாறு செவியாற் கற்றவர் மனத்திலே பாட்டின் எலும்புக்கூடு உறுதியாகவும் தசை சற்றே தம் கற்பனையாகவும் அமைந்துவிடும். இன்று கைப்பேசியில் ஒரே இடத்தை நூறு முறை திருப்பிக் கேட்டுப் பழகுவோர்க்கு அப்பேறு இல்லை. பிழையின்மை கூடியிருக்கிறது, தசை குறைந்திருக்கிறது.

இனி மேடைக்கு வருவாம். பொதுப்படக் கூறுதலினும் ஓர் இரவில் யாம் நேரிற் கண்டதைக் கூறுதல் தெளிவு தரும். சில ஆண்டுகளுக்கு முன், கடலை நோக்கிய ஒரு கோவிலின் பூங்காவனத் திருவிழா. குழுவில் எண்மர்: கீபோட் ஒருவர், கிற்றார் இருவர், டிறம்ஸ், தபேலா, புல்லாங்குழல், பாடகர் ஒருவர், பாடகி ஒருவர். கீபோட் வாசித்த குழுத் தலைவர் முன்னர் எம்மிடம் படித்தவர். ஆதலால் மேடைக்குப் பின்புறத்திலே ஓர் ஆசனம் எமக்குக் கிடைத்தது. பகலில் இவர்களுள் ஒருவர் துறைமுகத்திற் கூலிவேலை, ஒருவர் தச்சர், ஒருவர் மீன் ஏற்றும் லொறிச் சாரதி. இரவு ஒன்பது மணி என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டிருந்தது. சுவாமி வெளிவீதி சுற்றி வந்து, நாதஸ்வரக்காரர் தம் பங்கை முடித்து, உபயகாரர்க்குக் காளாஞ்சி கொடுத்து மேடை இவர்கள் கைக்கு வந்தபோது பதினொன்றரை.

முதல் மூன்று பாட்டும் பிள்ளையார், முருகன், அம்மன் என்பது எழுதாச் சட்டம். அதன்பின் துண்டுகள் வரத் தொடங்கின. துண்டு என்பது கேட்போர் தாம் விரும்பும் பாட்டை எழுதி மேடைக்கு அனுப்பும் சிறு காகிதம். இன்ன பாட்டு, இன்ன தெருவைச் சேர்ந்த இன்னார், இன்ன நண்பருக்காகக் கேட்கிறார் என்பதே அதன் வாசகம். வானொலியின் நேயர் விருப்பத்தை அப்படியே மேடைக்குக் கொணர்ந்த வழக்கம் இது. துண்டைப் படிக்கும்போது பெயர் தவறினால் வழக்கு. ஒரு தெருவின் துண்டு முன்னும் மற்றத் தெருவின் துண்டு பின்னும் போனால் பெருவழக்கு. "பாட்டுப் பாடுறது லேசு சேர், துண்டு வாசிக்கிறதுதான் கஷ்டம்" என்றார் தலைவர்.

இவ்விரவிலே தொல்காப்பியர் கூறிய நால்வகையும் எம் கண்முன் நிகழ்ந்தன என்றால் நகைக்க வேண்டா. சென்னையிலே ஒரு மண்டபம் நிறைந்த வயலின்களாற் பதிவுசெய்யப்பட்ட இடையிசையைப் புல்லாங்குழல் ஒன்றும் கீபோட் ஒன்றும் வாசிக்க வேண்டும். எதை விடுவது, எதை வைப்பது? அன்று குழல் வாசித்த இளைஞர், ஓரிடத்தில் வயலின்களின் ஓட்டம் முழுவதையும் விட்டு, அது போய்ச் சேரும் ஐந்து சுரங்களை மாத்திரம் நீட்டி நிறுத்தினார். பாட்டின் உயிர் எவ்விடத்தில் உளது என்று அறியாதவர் இதனைச் செய்தல் இயலாது. இது தொகுத்தல். பின்னிரவில் இளைஞர் எழுந்து ஆடத் தொடங்கியதும், மூன்றரை நிமிடப் பாட்டு பத்து நிமிடமாயிற்று. கடைச் சரணம் மீண்டும் மீண்டும் வந்தது. டிறம்சும் தபேலாவும் மாறி மாறி விடையிறுத்தன. இது விரித்தல். நாலைந்து பாட்டுக்களின் பல்லவிகளை மட்டும் எடுத்து ஒரே தாளத்திற் கோத்து, அவற்றுள் ஒன்றை மாத்திரம் விரித்துப் பாடி மீளுதல் தொகைவிரியன்றி வேறென்ன? மொழிபெயர்த்தலோ இத்துறைமுகத்திற்கே உரியது. கச்சான் கடையோரம் நின்ற சிங்கள இளைஞர் சிலர் அனுப்பிய துண்டுக்கு அவர்கள் மொழியில் ஒரு பைலா தொடங்கிற்று. இரண்டாம் அடியிலே பாடகர் தமிழுக்குத் தாவினார். மூன்றாம் அடியில் மீண்டார். அச்சொற்களை எவரும் முன்னர் எழுதிவைத்திருக்கவில்லை. யாப்பு ஆங்காங்கே தட்டிற்று. ஆனால் இரு பக்கத்தாரும் ஒரே கணத்திற் சிரித்தனர்.

இவை யாவும் கலைத்தொழில் என்றே கொள்வோம். அவ்வாறாயின் கேட்போர் இவற்றைப் பாராட்டினரா? இல்லை. அவர்கள் கைதட்டியது, பாடகர் எதிரொலிக் கருவியின் துணையோடு இசைத்தட்டிற் கேட்ட குரலைத் தம் தொண்டையில் வருவித்த இடங்களுக்கே.

ஏறத்தாழ ஒன்றரை மணியளவில் வாடகைக்கு அமர்த்திய மின்பிறப்பாக்கி நின்றுவிட்டது. ஒரு சோகப் பாட்டின் நடுவிடம். கீபோட் ஊமையாயிற்று, கிற்றார்கள் ஊமையாயின, ஒலிபெருக்கியும் விளக்கும் இல்லை. எஞ்சியவை தபேலா, குழல், பாடகரின் தொண்டை. அவர் நிறுத்தவில்லை. சுருதியை மாற்ற வழியில்லை. ஆனால் காலப்பிரமாணம் சற்றே தளர்ந்தது. கடற்காற்று குரலை அள்ளிக்கொண்டு போனமையால் பின்வரிசையில் இருந்தோர் எழுந்து மேடையண்டை வந்தனர். அதுவரை சௌந்தரராசனாக இருந்தவர் அந்த இரண்டு நிமிடமும் தாமாக இருந்தார். அக்குரல் சிறிது கரகரத்தது. மேல் தாயியில் எட்டாத ஓரிடத்தை அவர் வளைந்து சென்று தொட்டார். ஈரக்காற்றில் தளர்ந்திருந்த தபேலாவை அதற்கு முன்தான் சுத்தியலாற் தட்டி ஏற்றியிருந்தமையால் அதுவும் கைகொடுத்தது. அப்பாட்டை யாம் வானொலியில் எண்ணிறந்த முறை கேட்டிருக்கிறோம். அதன் சொற்கள் ஒரு மனிதனின் துயரைக் கூறுகின்றன என்பது அன்றே எமக்கு உறைத்தது.

மின்னொளி மீண்டதும் எதிரொலியும் மீண்டது, சௌந்தரராசனும் மீண்டார். அருகிருந்த முதியவர், "கரண்ட் நின்றதால நல்ல பாட்டொன்று கெட்டுப்போச்சு மாஸ்ரர்" என்று வருந்தினார். தலைவரும் பின்னர் அதையே சொல்லி எம்மிடம் மன்னிப்புக் கோரினார்! அன்றைய இரவின் தலைசிறந்த பாட்டுக்குப் பாடியவரும் கேட்டவரும் ஒருங்கே வெட்கப்பட்டனர் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு அடங்குவதில்லை. இசைத்தட்டே பாட்டு என்னும் எண்ணம் செய்யும் கேடு இதுவே. அது மேடையிலுள்ளோரின் நல்ல திறனை அவர்களிடமிருந்தே மறைத்துவிடுகிறது.

இக்கேட்டின் முற்றிய வடிவத்தையும் இன்று காண்கின்றோம். பின்னணி இசை முழுவதையும் முன்னரே பதிவு செய்து விரலளவு கருவியொன்றில் அடைத்து வந்து, அதனை ஒலிக்கவிட்டு மேலே பாட்டை மாத்திரம் பாடும் குழுக்கள் பெருகிவிட்டன. சில இடங்களிற் கிற்றார் தோளில் தொங்குகிறது, ஒலிப்பது வேறெங்கோ. இது வழிநூல் அன்று, படியெடுத்தலும் அன்று, படியெடுப்போனுக்குக் கையேனும் வலிக்கும். ஆயினும் அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கூறாதுவிடுதல் முறையன்று. எண்மருக்குப் பகிர்ந்தால் ஒருவரின் ஒருநாட் கூலிக்கும் போதாத தொகை, இருவருக்குப் பகிர்ந்தால் தேறுகிறது. கோவிற் பரிபாலன சபையார் வாணவேடிக்கைக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை வாத்தியக்காரர்க்குக் கொடுப்பின் தோளில் தொங்கும் கிற்றார் தானே பேசும்.

பாட்டு யாருக்கு உரியது என்னும் வினா அண்மையில் வேறொரு வழியாலும் எழுந்தது. 2017இல் அமெரிக்காவிற் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு, தம் பாடல்களை உரிமை பெறாது மேடையிற் பாடலாகாதென இளையராசாவிடமிருந்து சட்ட அறிவித்தல் சென்றது. அப்பாடல்களுட் பலவற்றை முதலிற் பாடியவரே பாலசுப்பிரமணியம் என்பது நினைக்கத்தக்கது. ஆக்கியோன் உரிமையை யாம் மறுக்கவில்லை. எனினும், பாடியவரே தம் பாட்டை மேடையிற் பாடுவது வழிப்பாட்டாகிவிடும் காலத்தில், துறைமுகத் தச்சர் பாடுவதை மட்டும் போலி என்று ஒதுக்குதல் எங்ஙனம்?

இவ்வளவும் கூறியது மேடைக் குழுவினரை ஒருதலையாகப் புகழ்தற்கன்று. அவர்கள்மேல் எமக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது அவர்கள் பிறர் பாட்டைப் பாடுகின்றனர் என்பதன்று. எம்மவர் பாட்டைப் பாடுகின்றாரில்லை என்பதே.

வழிப்பாட்டிலிருந்து முதற்பாட்டுக்குச் செல்லும் வழி உலகெங்கும் ஒன்றே. இங்கிலாந்தின் துறைமுகமாகிய லிவர்பூலிலிருந்து புறப்பட்ட பீற்றில்ஸ் குழுவினர் 1960ஆம் ஆண்டு முதல் ஜேர்மனியின் துறைமுகமாகிய ஹம்பேர்க்கிலே இரவிரவாகப் பிறர் பாட்டுக்களைப் பாடிப் பழகியவர்களே. 1963இல் வெளிவந்த அவர்களது முதல் நெடுந்தட்டில் உள்ள பதினான்கு பாட்டுக்களில் ஆறு பிறருடையவை. அதுபோன்றே எமது துறைமுகத்திலும் பரமேஷ், கோணேஷ் என்னும் உடன்பிறந்தார் தோன்றினர். 1970ஐ அண்டிய காலத்தில் அவர்கள் பெயர் தமிழ் மெல்லிசை மேடைகளிற் பெரிதாக ஒலித்தது. பரமேஷ் தாமே ஆக்கிப் பாடிய பாட்டு இசைத்தட்டாகவும் வெளிவந்தது. இலங்கைத் தமிழ் மெல்லிசையின் முதல் இசைத்தட்டு என்று இசையறிந்தோர் அதனைப் போற்றுவர். அக்காலத்திலேயே யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் எம் பேச்சுமொழியைப் பைலாச் சாயலில் வைத்துத் துள்ளிசை பாடினார். இலங்கை வானொலியும் ஈழத்து மெல்லிசைக்கென நேரம் ஒதுக்கிற்று. முதனூல்கள் எம்மிடையே தோன்றியே இருந்தன.

பின் நிகழ்ந்தது யாது? 1983க்குப் பின் இரவில் மேடை போடுதலே அரிதாயிற்று. ஊரடங்குச் சட்டம் உள்ள ஊரில் நள்ளிரவு இசை ஏது? பாடியோர் பலர் கடல் கடந்தனர். இவை யார் பிழையுமல்ல என்று தள்ளிவிடலாம். ஆனால் போர் ஓய்ந்த 2009க்குப் பின் மேடைகள் மீண்டும் எழுந்தபோது, அவற்றில் ஏறியவை சென்னைப் பாட்டுக்களே. உவர்மலையிலும் பாலையூற்றிலும் பிறந்து வளர்ந்த எம் மாணவர் நாற்பதின்மரை ஒருநாள் வகுப்பில் வினவினோம். பரமேஷ் என்னும் பெயரை அறிந்தவர் இருவர். அவர் பாட்டைக் கேட்டவர் ஒருவர். அதுவும் கனடாவிலிருந்து வந்த பெரியதாயார் முணுமுணுத்தபோது.

பாட்டு நிலைபெறுவது இசைத்தட்டினாலன்று, பிறர் வாயினால். தியாகராசர் கீர்த்தனைகள் மாணவர் வாயில் வளர்ந்து சங்கதிகள் பெற்றன. இலங்கையிலிருந்து இதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டின் ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய 'சுராங்கனி'யைக் கூறலாம். சிங்களமும் தமிழும் விரவிய அப்பாட்டைத் தமிழ்நாட்டார் எடுத்துக்கொண்டனர். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் படத்திலே இளையராசா இசையில் அது இடம்பெற்றது. வழிப்பாட்டின் ஓட்டம் ஒருமுறையேனும் எம் கரையிலிருந்து அக்கரைக்குப் பாய்ந்தது. மனோகரன் 2018இல் மறைந்தார். அவர் பாட்டு இன்றும் கலியாண வீடுகளில் ஒலிக்கிறது. ஏனெனில் அதனைப் பிறர் பாடுகின்றனர். பரமேஷின் பாட்டு அதனினும் மெல்லியது, ஆடுதற்குரியதன்று. ஆயினும் அது ஒலியாமைக்குக் காரணம் அதன் மென்மையன்று. அதற்கு வழிப்பாட்டுக்காரர் வாய்க்காமையே. எமது குழுக்களுக்கோ வாயும் உண்டு, மேடையும் உண்டு.

இதனைக் குழுத் தலைவரிடம் கூறினோம். மேடையைப் பிரித்துக்கொண்டிருந்த விடிகாலை நேரம். வயர்களைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"நீங்கள் சொல்லுறது சரி சேர். ஆனா அந்தப் பாட்டுக்குத் துண்டு வராது."

"துண்டு வராததற்குக் காரணம் நீங்கள் பாடாததுதானே, தம்பி?"

"நாங்கள் பாடாததுக்குக் காரணம் துண்டு வராததுதானே, சேர்."

யாம் விடையிறுக்கவில்லை. அவர் சிரித்தார், பின் சிறிது நினைந்து, தம் தந்தையார் அப்பாட்டைப் பாடுவாரென்றும், அதன் சரணம் தமக்கு முழுதும் நினைவில்லை என்றும் கூறினார். உறைக்குள் வைத்த கீபோட்டை மீண்டும் வெளியே எடுக்கவில்லை. ஆனால் அருகே நின்ற குழற்காரரை அழைத்துப் பல்லவியின் மெட்டை வாயாலே பாடிக்காட்டினார். அவ்விளைஞர் அதனை முன்னர் கேட்டதில்லை. இரண்டாம் முறையிலே பிடித்துக்கொண்டார். மூன்றாம் முறை ஓரிடத்தைத் தம் விருப்பப்படி சற்று வளைத்தார். "அப்படியில்லை" என்று தலைவர் திருத்தினார். குழற்காரர் தலையசைத்துவிட்டு மீண்டும் அவ்வாறே வளைத்தார்.

அடுத்த ஆண்டுப் பூங்காவனத்திற்கு எம் பெயரும் தெருவும் எழுதித் துண்டொன்று அனுப்பினோம். அது பதினேழாவதாக இருந்ததாம். பதினான்காம் துண்டிலே பொழுது விடிந்து, காலைப் பூசை மணியும் அடித்துவிட்டது. இவ்வாண்டு அதனை மாலையிலேயே கொண்டுசென்று கையிற் கொடுப்பதாக இருக்கிறோம். எம்மோடு வகுப்பு மாணவர் அறுவரும் அதே பாட்டுக்குத் துண்டு எழுதியுள்ளனர்.